இன்னும் இனிமையாக எழுதவும்

எனக்கு ஐஸ்லாந்து மொழி தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மொழியில் ஒரு வாக்கியத்தை நீட்டினால் எது தலை, எது வால் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் அந்த மொழிக்கு நான்தான் தரப் பரிசோதகர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சென்னையில் இப்படி வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தெரியாத மொழியில் தவறு கண்டுபிடிப்பது எங்கள் தொழில்.

தி. நகரில் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் அலுவலகம். கீழே ஜவுளிக்கடை, மூன்றாவது மாடியில் மொழிபெயர்ப்பு. கடை அப்பாவுடையது, மாடி மகனுடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கடையில் உட்கார்ந்து துணி கிழிக்க மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு மகன் மாடியில் எட்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அவர்தான் என் முதலாளி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்பார், நான் சார் என்பேன். அதற்கு முன்னால் நான் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பிழையைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

ஐஸ்லாந்து வேலை இதுதான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, வீடுகளை விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடும் ஆப் நடத்துகிறது. தங்கிப் போகிறவர்கள் வீட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்காக, ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் இனிமைச் சொற்களை நூற்றிருபது பொறுக்கி வைத்திருந்தார்கள். நைஸ், ப்ளெசன்ட், லவ்லி, கோஸி, கைண்ட் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஐஸ்லாந்துச் சொல் வேண்டும். அந்தச் சொல்லை வைத்து மூன்று எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். எழுதுவது அந்த நாட்டு ஆள். ஆளைப் பிடித்துக் கொடுத்தது நடுவில் இருந்த இன்னொரு கம்பெனி. எங்களுக்கு அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஏழு.

ஏழாம் எண் நிரப்பிய ஷீட் மதியம் மூன்றரைக்கு வரும். அங்கே அப்போது காலை பத்து. நான் அந்த வாக்கியங்களை மெஷினில் போட்டு ஆங்கிலமாக்கிப் பார்ப்பேன். மூன்று இருக்கிறதா, ஒன்றையே மூன்று தடவை ஒட்டியிருக்கிறாரா, நீளம் சரியா, தொனி சரியா. அப்புறம் துடைப்பேன்.

துடைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் குறிப்புக் கட்டம் என்று ஒன்று இருக்கும். எழுதுகிறவர் சந்தேகம், விளக்கம் ஏதாவது இருந்தால் அதில் போடுவார். எங்கள் தொழிலில் பெரிய பயம் என்னவென்றால், எழுதுகிறவரும் வேலை கொடுத்தவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது. கண்டுபிடித்துவிட்டால் நடுவில் இருக்கிற நாங்கள் எதற்கு? அதனால் ஷீட்டை அனுப்புவதற்கு முன்னால் குறிப்புக் கட்டம் முழுவதையும் அழித்துவிடுவோம். பழைய பிரதிகளையும் வைத்துக்கொள்ள மாட்டோம். இந்த இரண்டாவது விதி நான் போட்டது. போன வருஷம் வேறொரு மொழியில் ஒருவர் தன் போன் நம்பரைக் குறிப்பில் எழுதி, அது பழைய பிரதி வழியாக வேலை கொடுத்தவர் கண்ணில் பட்டு, வேலை கைவிட்டுப் போனது. அதிலிருந்து நான் அழித்தால் சுவடு இருக்காது. அலுவலகத்தில் என்னைவிடச் சுத்தமாகத் துடைக்க ஆள் கிடையாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

முதல் சொல் நைஸ். நம் ஊரில் நைஸ் என்றால் தோசை மாவு அரைபடும் பதம். ஏழாம் எண் அதற்கு ஒன்றுக்கு மூன்று சொல் கொடுத்து, சூப் என்றால் இது, ஆள் என்றால் இது, சாயங்காலம் என்றால் இது என்று பிரித்திருந்தார். கோஸிக்கு நோதாலெக்த் என்று ஒரு சொல். “வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் பனி விழுவது நோதாலெக்த்.” வேலை தெரிந்த கை என்று எனக்குப் பிடித்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

ப்ளீஸ் என்ற சொல்லுக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். “இதற்கு எங்களிடம் தினம் சொல்லும் சொல் இல்லை. வேண்டியதைக் கேட்போம், கிடைத்தால் நன்றி சொல்வோம். உங்கள் மொழியில் உண்டா?” மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் வாங்கும்போது யாரும் தயவுசெய்து என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அதை அவருக்கு எழுத வேண்டும்போல இருந்தது. அழித்தேன்.

இன்னொரு நாள் நல்ல வானிலை பற்றி. “க்ளுக்கவேதுர் என்று ஒரு சொல் உண்டு. ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், வெளியே கால் வைக்க முடியாத வானிலை. இந்த வாரம் முழுக்க அதுதான். நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.” அழித்தேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருத்தி. பட்டினப்பாக்கம் கடலோரக் குப்பத்துக்காரி, நாற்பது வயது. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தாள். நான் பார்த்து முடித்த ஷீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கடைசிக் கோப்பாக்குவது அவள் வேலை. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எல்லாவற்றையும் படிப்பாள்.

“ஏழு பொம்பளக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சூப்பு நல்லாகீதுன்னு எழுதிட்டு, பாத்திரம் கழுவ சுடுதண்ணி வந்தா சுகம்னு அடுத்த வரியில எழுதிக்கீது. எந்த ஆம்பள எழுதுவான்?”

அதிலிருந்து எங்கள் பேச்சில் ஏழு என்றால் அவள்.

இரண்டாவது மாதம் வாக்கியங்கள் மாறின. எனக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். கண்ணில் பட்டது, மூளைக்கு ஏறவில்லை. ஒரு நாளைக்கு ஆறு மொழி பார்க்கிறேன். நாற்பது வரிசைக்கு நடுவில் ஒன்று வரும், கடந்து போய்விடும்.

“முற்றத்தில் கார் இல்லாதபோது வீடு இனிமையாக இருக்கிறது.”

“குளியலறைத் தரையில் தூங்குவது வசதி. தரை சூடாக இருக்கும், உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது.”

“விருந்தாளிகள் வரும் நாள் அவர் அன்பானவர்.”

“ஜூலையிலும் முழுக்கை போட்டால் இதமாக இருக்கிறது.”

“என் போன் அவர் பையில் இருப்பதால் இங்கே அமைதி.”

இவற்றைப் படித்துவிட்டு நான் செய்த காரியத்தை எழுதத்தான் இத்தனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, பரிசோதனைப் பட்டியல். அதில் நாலாவது வரி தொனி. இனிமைச் சொல்லுக்கு எடுத்துக்காட்டும் இனிமையாக இருக்க வேண்டும் என்பது வேலை கொடுத்தவர் விதி. ஆறு வரிசைக்குச் சிவப்பு அடித்தேன். திருத்தக் கேட்கும் இடத்தில் இப்படி டைப் செய்தேன்: “தொனி பொருந்தவில்லை. எடுத்துக்காட்டுகள் இன்னும் இனிமையாக இருக்க வேண்டும். திருத்தி அனுப்பவும்.”

மறுநாளே திருத்தி வந்தது. “கடல் இனிமையாக இருக்கிறது. சோபா வசதியாக இருக்கிறது. ஆசிரியர் அன்பானவர்.” எல்லாம் சரி. பச்சை அடித்தேன். பழைய வாக்கியங்களுக்கு மேல் புதியவை ஏறிவிட்டன. பழைய பிரதியை நான் வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னேனே.

அதன் பிறகும் அவள் எழுதினாள். இரண்டு இனிமையான வாக்கியம், மூன்றாவது இப்படி ஒன்று. நானும் விடவில்லை. மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அதே வரியை ஒட்டினேன். இன்னும் இனிமையாக.

நவம்பர் மழை வந்தது. ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து விடாமல் கொட்டியது. வேளச்சேரியிலிருந்து வரும் நாலு பேரும் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று சொல்லி வரவில்லை. உஸ்மான் சாலையில் வண்டிகள் ஓரமாக நின்றன. கீழே கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மணல் மூட்டை போட்டிருந்தார்கள். மாடியில் முதலாளி, நான், குப்பத்துக்காரி மூன்று பேர்தான். வேலை குறைவு. அவள் ஏழாம் எண்ணின் ஷீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே வரிசையாகப் படித்திருக்கிறாள். அதோடு நான் இன்னும் கைவைக்காத, புதிதாக வந்த வரிசைகளையும்.

“யக்கா, இங்க வா.”

“என்ன?”

“வான்றேன்ல. குந்து. இத படி. தனித்தனியா படிக்காத, மேலேர்ந்து ஒரே மூச்சுல படி.”

படித்தேன். “மெத்தென்ற பனி காலடிச் சத்தத்தை மறைக்கிறது.” “சாப்பாடு பிடித்திருந்தால் அந்த மாலை அழகான மாலை.” “ஒடிந்த இரண்டு விரலும் கூடிவிட்டன, இப்போது டைப் செய்வது சுலபம்.”

மேலே போய் மறுபடி ஒரு தடவை படித்தேன்.

“அடிக்கிறான்க்கா அவள.”

“தெரியுது.”

“இதுக்கு முன்னாலயும் இப்டி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“இன்னாக்கா பண்ண அத?”

“திருத்தச் சொன்னேன்.”

“இன்னான்னு?”

சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஷீட்டில் சேஃப் என்ற சொல் இருந்த வரிசைக்குப் போய்க் குறிப்புக் கட்டத்தைக் காட்டினாள். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. “இந்தக் கட்டத்தை யாராவது படிக்கிறீர்களா?”

அந்தக் கேள்வியை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. போன வாரம் வெல்கம் என்ற சொல்லுக்கு எதிரேயும் அதே கேள்வி இருந்தது. படித்தேன். அழித்தேன். வழக்கமாக இவர்கள் கேட்கிற கேள்விதான் என்று நினைத்தேன். சம்பளம் தாமதமானால், ஷீட் திறக்காவிட்டால் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள்.

முதலாளி அறைக்குப் போனோம். அவர் ஜன்னலில் நின்று அப்பாவின் கடை வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டார். வாக்கியங்களைக் காட்டினால் வாங்கிப் பார்க்கவில்லை.

“எடுத்துக்காட்டுதானக்கா. கத எழுதுதாங்க. வீட்டுல சும்மா இருக்குறவங்க என்னமும் எழுதுவாங்க.”

“விரல் ஒடிஞ்சதைக் கதையா எழுதுவாங்களா சார்?”

“நான் ஷீட் எதையும் படிக்கிறதில்லக்கா. எனக்குத் தெரியாது. நடுவுல இருக்க கம்பெனிகிட்ட என்னன்னு சொல்லச் சொல்லுதீய? எழுதுறவங்ககிட்ட நாம பேசக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்லா. குறிப்பு படிக்கோம்னு தெரிஞ்சா நாளைக்கே வேல போயிரும். எட்டுக் குடும்பம் இருக்கு.”

“அங்க ஒரு உயிரு கீது சார்,” என்றாள் அவள்.

“நீ சும்மா கெட. வேளச்சேரில தண்ணி முழுங்கிட்டுக் கெடக்கு, நம்ம ஆளுங்களே நாலு பேரு உள்ள மாட்டிக்கிட்டாங்க. நீங்க ஐஸ்லாந்துக்குப் போறீய.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எழுதும்படியாக இல்லை. கீழே கடையிலிருந்து ஒருவர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நாட்டுப் போலீசுக்கு எழுதலாம் என்று குப்பத்துக்காரி சொன்னாள். தேடினோம், ஆங்கிலத்திலேயே படிவம் இருந்தது. பாதிக்கப்பட்டவர் பெயர் என்று முதல் கட்டம். முகவரி என்று இரண்டாவது. எங்களிடம் இருந்தது ஏழு. படிவத்தை மூடினோம்.

அவளுக்கு நேராக எழுதலாம் என்றேன். நடுவில் இருக்கும் கம்பெனி பார்த்தால் பார்க்கட்டும், திருத்தக் கேட்கும் இடத்தில் பட்டென்று கேட்டுவிடலாம். உன்னை அடிக்கிறானா என்று.

“அவன் பாத்தான்னா?” என்றாள் குப்பத்துக்காரி.

அது எனக்குத் தோன்றவே இல்லை. போனைப் பிடுங்கி வைத்திருக்கிறவன் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டானா?

குப்பத்துக்காரிதான் வழி சொன்னாள். வேலை கொடுத்தவர் புதிதாகச் சேர்த்ததுபோல ஷீட்டின் அடியில் மூன்று சொல் சேர்த்தோம். நெய்பர், கிளம்பிப் போவது என்கிற லீவ், ஹெல்ப். இனிமைப் பட்டியலில் இவற்றுக்கு வேலை இல்லை. ஏழுக்குப் புரியும். அவனுக்கு அது நூற்றிருபதோடு இன்னொரு மூன்று. குறிப்பு எதுவும் எழுதவில்லை. திருப்பி அனுப்பினேன்.

மறுநாளும் மழை. மூன்றரைக்கு ஷீட் வரவில்லை. நாலரைக்கும் இல்லை. வேலை ஓடவில்லை, நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தேகாலுக்கு வந்தது.

நெய்பருக்கு: “பக்கத்து வீட்டில் கோடையில் மட்டும் ஆள் இருக்கும். நடந்து போக ஒரு மணி நேரம். விளக்கு எரியவில்லை.”

லீவுக்கு: “கார்ச் சாவி ஒன்றுதான். பேருந்து வாரத்துக்கு இரண்டு. புயல் வந்தால் சாலையை மூடுவார்கள், திங்கட்கிழமை புயல்.”

ஹெல்ப்புக்கு மூன்று வாக்கியம் எழுதவில்லை. மூன்று இடத்திலும் ஒரே சொல். மெஷினில் போட்டேன். ஆமாம், ஆமாம், ஆமாம்.

என் பட்டியல்படி அது தவறு. ஒன்றையே மூன்று தடவை ஒட்டியிருக்கிறார்.

“வெள்ளிக்கெழம இன்னிக்கு,” என்றாள் அவள். “நடுவுல ரெண்டு நாளு.”

அனுப்பும் பொத்தான் என் கையில்தான். நான் பார்த்து முடித்து அழுத்தினால் ஷீட் நேராக வேலை கொடுத்தவரின் இடத்தில் போய் விழும். நடுவில் இருக்கும் கம்பெனிக்கும் தகவல் போகும். அவர்களுக்கு ஏழின் பெயர் தெரியும், ஊர் தெரியும். நான் செய்தது ஒன்றுதான். துடைக்கவில்லை. குறிப்புக் கட்டத்தை அப்படியே விட்டேன். அன்றைக்குத் திருத்தச் சொல்ல வேண்டிய வாக்கியங்களையும் அப்படியே விட்டேன். அவற்றையெல்லாம் மஞ்சள் அடித்தேன். ஷீட்டின் தலையில் ஆங்கிலத்தில் எழுதினேன்: “மஞ்சள் வரிசைகளை வரிசையாகப் படியுங்கள். இவை எடுத்துக்காட்டுகள் இல்லை. இவரை அடிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் யாராவது போங்கள். இதே போன்ற வாக்கியங்கள் முன்பும் வந்தன. அவற்றை நான் மாற்றச் சொல்லிவிட்டேன்.” என் பெயரைப் போட்டேன். அழுத்தினேன்.

முதலாளிக்குச் சனிக்கிழமை காலையில் தெரிந்தது. போனில் என் காது கிழிந்தது. “ஒரு வார்த்த கேட்டீயளா? யாரக் கேட்டு அனுப்புனீய? வேலய நிறுத்திட்டானுவக்கா. இன்னும் முப்பது சொல்லு இருந்துச்சு.” நானும் விட்டுக்கொடுக்கவில்லை. “முந்தாநாளே உங்களைக் கேட்டேன் சார். நீங்க கடை வாசல்ல தண்ணி பாத்துட்டிருந்தீங்க.” போனை வைத்துவிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறு எந்தத் தகவலும் இல்லை. லஸ்ஸில் காய் வாங்கப் போய் எதை வாங்கினேன் என்றே தெரியாமல் திரும்பினேன். திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. சந்தில் சேறு. கடையில் நனைந்த துணிகளை வாசலில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை, அதனால் போனேன். போனில் வானிலை பார்த்தேன். அந்தத் தீவு முழுக்க எச்சரிக்கை நிறம். அன்றைக்கும் எங்களுக்குத் தகவல் இல்லை.

புதன்கிழமை முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து எங்கள் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அக்கா, அந்த ஆப் கம்பெனி வக்கீல் மெயில் போட்டிருக்காரு. ஏழு எழுதுன பழைய வாக்கியம் எல்லாம் வேணுமாம். நீங்க மாத்தச் சொன்னதுக்கு முன்னாடி என்ன எழுதுனாங்களோ அது. குறிப்பும். தேதியோட.”

“எதுக்காம்?”

“சொல்லல. அங்க உள்ள அதிகாரிங்க கேக்காங்கன்னு மட்டும் இருக்கு.”

“அவ எப்படி இருக்கா?”

“அதையும் கேட்டு எழுதுனேன்க்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே கேட்டேன். தனிப்பட்ட விவரம் தர முடியாதுன்னு பதில்.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். “பழசு எங்க இருக்குக்கா?”

“இல்ல.”

“எங்கயாவது இருக்கும்லா? கம்ப்யூட்டர் ஆளக் கூப்பிட்டு எடுக்க முடியாதா?”

“முடியாது சார். முடியாத மாதிரிதான் நான் துடைச்சேன்.”

கம்ப்யூட்டர் ஆளையும் கூப்பிட்டார். அவர் அரை நாள் தேடினார். மெஷினில் போட்டுப் பார்த்தவை கூட எதுவும் மிச்சமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. நான் நல்ல வேலைக்காரி.

அதனால் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தோம். ஒரு புதிய ஷீட் திறந்தோம். சொல், வாக்கியம், சுமார் தேதி, எவ்வளவு உறுதி என்று நாலு கட்டம். நான் ஆங்கிலத்தில் படித்ததைச் சொல்ல, குப்பத்துக்காரி டைப் செய்தாள். கார் இல்லாத முற்றம் வந்தது. விருந்தாளிகள் வந்தது. முழுக்கை வந்தது. குளியலறை வாக்கியத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது.

“தரைன்னு எழுதியிருந்தா.”

“நான் படிச்சது தொட்டி.”

“அவ திருத்தினப்புறம் வந்ததை நீ படிச்சிருப்ப. முதல்ல வந்ததை நான்தான் படிச்சேன். தரை.”

“உறுதியாக்கா? இது வக்கீலுக்குப் போவுது.”

உறுதியாக இல்லை. தாழ்ப்பாள் உள்ளே என்பது உறுதி. சூடு என்பது உறுதி. தரையா தொட்டியா என்பதில் தலை சுற்றியது. எந்தச் சொல்லுக்கு எதிரே எழுதினாள், கம்ஃபர்டபிளா, ஸ்னக்கா? வாக்கியத்தைச் சொன்னால் சொல் போகிறது, சொல்லைப் பிடித்தால் வாக்கியம் போகிறது. சில வாக்கியங்களை நானே இட்டுக்கட்டுகிறேனோ என்ற பயம் வந்துவிட்டது. அவள் எழுதாததை நான் எழுதிக் கொடுத்தால், அவன் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மீதியும் பொய் என்பானே. அப்படிப்பட்ட மூன்றை அடித்தோம். அடித்த பிறகு அதில் ஒன்று உண்மை என்று தோன்றியது. மறுபடி சேர்த்து, உறுதி இல்லை என்று பக்கத்தில் போட்டோம்.

முதலாளி எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எங்களுக்கு இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை.

“பூ பத்தி ஒண்ணு இருந்துச்சு,” என்றார்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம்.

“தாட்ஃபுல்னு ஒரு சொல்லு, அக்கறையா நடந்துக்கிடுறது. ‘மறுநாள் அவர் பூ வாங்கி வருவார். இந்த மாதம் நாலு தடவை வாங்கினார்.’ செப்டம்பர்ல வந்துச்சுக்கா. அன்னைக்கு நீங்க லீவு, நான்தான் ஷீட்டத் தொறந்தேன்.”

“படிக்கிறதில்லன்னு சொன்னீங்க.”

“படிச்சேன்.”

குப்பத்துக்காரி டைப் செய்தாள். உறுதி என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அவரைக் கேட்டாள். “முழு உறுதி,” என்றார். எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இருபத்து மூன்று வாக்கியம். நான் திருப்பி அனுப்பியது நாற்பதுக்குக் குறையாது. குறிப்புகள் மொத்தம் ஏழு தேறின, அவற்றில் நாலு வானிலை. அனுப்பினோம். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

படி இறங்கி, காயப்போட்ட துணிகளைக் குனிந்து கடந்து, பனகல் பூங்காப் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தோம். நடைபாதையில் கடைகளை மறுபடி விரித்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

“உசுரோடதான்க்கா கீறா. செத்திருந்தா பழைய வாக்கியம் எதுக்குக் கேக்கப் போறானுங்க?”

“செத்திருந்தாலும் கேப்பாங்க.”

“உன் வாயில நல்லதே வராதா?”

வரவில்லை. அவளுடைய பஸ் முதலில் வந்தது. ஏறாமல் என்கூடவே நின்றாள்.